எழுதிக் கொடுக்காதீங்க... எழுதி வைங்க!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: “பெற்றோரின் சொத்து பிள்ளைகளைச் சேர வேண்டியது வாழும்போதா? வாழ்ந்து முடித்த பின்பா?” ‘வாழ்ந்து முடித்த பின்பே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே அழகாகப் பேசி அமர்ந்திருக்கிற என் அணித் தோழர்களே! எனக்குப் பின்னாலும் பேசத் துடிச்சுக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) புதுக்கோட்டை நகர்மன்றம் கொள்ளாம வந்து, வாசல் வரைக்கும் நிற்கிற பெருமக்களே! வீட்டிலே பொங்கல் சாப்பிட்டுவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

தலைப்பைக் கேட்டவுடனே முன்வரிசையிலே ஒரு பெரியவர் முகத்தைச் சுளிச்சாரு. நான் பார்த்தேன். “நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்திப் பேசுறானுங்களே”ன்னு அவருக்கு வருத்தம். நடுவர் அவர்களே, நம்ம ஊர்லே உயில்னு சொன்னாலே அபசகுனம். எழுதினா ஆயுசு குறைஞ்சுபோகும்னு ஒரு நம்பிக்கை. அப்படின்னா எழுதாதவங்க எல்லாரும் இன்னைக்கு வரைக்கும் உயிரோட இருக்கணுமே ஐயா! (சிரிப்பு, கைதட்டல்) உயில், உயிர் ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். உயில்ங்கிறது ஆங்கிலத்திலே இருந்து வந்து, நம்ம வீட்டிலேயே தங்கிப்போன சொல். நம்ம பெரியவங்க அதை மரண சாசனம்னு சொன்னாங்க. பேரைக் கேட்டே பயந்திருப்பாங்க போல, அதனாலேதான் ஆங்கிலப் பேருக்கு மாறிட்டாங்க.

எதிரணித் தலைவர் அண்ணன் பேசும்போது உருக்கமா ஒண்ணு சொன்னாரு. “பிள்ளைக்குப் பசிக்கும்போது சோறு போடணும். நாம போனதுக்கப்புறம் படையல் மாதிரி கிடைக்கிற சொத்து எதுக்கு? முப்பது வயசிலே கொடுத்தா தொழில் தொடங்குவான், அறுபது வயசிலே கொடுத்தா ஊன்றுகோல்தான் வாங்குவான்”னாரு. அருமையான பேச்சு. நானே கைதட்டினேன். ஆனா அண்ணனைக் கேட்கிறேன். பிள்ளைக்குப் பசிச்சா சோறு போடலாம், தொழிலுக்குப் பணமும் கொடுக்கலாம். அதுக்காக அடுப்பையும் பானையையும் சேர்த்துப் பத்திரம் போட்டுக் கொடுத்துட்டு, நாம தட்டைத் தூக்கிக்கிட்டு அவன் வாசல்லே நிற்கணுமா? (பலத்த கைதட்டல்)

வாழும்போதே எழுதிக் கொடுத்தவங்க கதையை இலக்கியத்திலே பாருங்க. தசரதன் நல்லாத்தான் ஆண்டுக்கிட்டிருந்தான். உயிரோட இருக்கும்போதே கைமாத்திடலாம்னு நினைச்சான். என்ன ஆச்சு? ஏற்கெனவே கைகேயிக்கு ரெண்டு வரம் கொடுத்து வச்சிருக்கான். எப்போ கேட்கணும், எதைக் கேட்கணும், எதைக் கேட்கக் கூடாது, ஒரு நிபந்தனை கிடையாது. தேதி போடாத, தொகை எழுதாத ரெண்டு காசோலையிலே கையெழுத்துப் போட்டு மனைவி கையிலே கொடுத்திருக்கான் மனுஷன்! (சிரிப்பு) மூத்தவன் காட்டுக்குப் போனான், அப்பன் உயிரை விட்டான். ஷேக்ஸ்பியர் காட்டின லியர் அரசனும் அப்படித்தான். யார் என்மேலே அதிகப் பாசம் வச்சிருக்கீங்கன்னு மூணு பெண்களையும் கேட்டு, இனிக்க இனிக்கப் பேசின ரெண்டு பேருக்கும் நாட்டைப் பிரிச்சுக் கொடுத்தான். கடைசியிலே புயல் மழையிலே வெட்டவெளியிலே நின்னான். அவன் நின்ன இடம் இங்கிலாந்து. நம்ம ஊர்லே அந்த இடத்துக்குப் பேரு பேருந்து நிலையம். (கைதட்டல்)

புராணம் வேண்டாம், வெளிநாடு வேண்டாம்னா, இந்த மண்ணுக்கே வர்றேன். புதுக்கோட்டையிலே நின்னுக்கிட்டு வாரிசைப் பத்திப் பேசினா தொண்டைமான் அரண்மனையைச் சொல்லாம போக முடியுமா? ஒரே அரண்மனையிலே ரெண்டு கதை இருக்கு.

முதல் கதை. ராமச்சந்திர தொண்டைமானுக்குப் பட்டத்துக்கு ஆண் வாரிசு இல்லை. 1877ஆம் ஆண்டு தன் மகள் வயிற்றுப் பேரனையே முறைப்படி தத்து எடுத்தாரு. வெள்ளைக்காரன் அரசாங்கத்தோட ஒப்புதலும் வாங்கினாரு. 1886ஆம் ஆண்டு மன்னர் காலமானதும், அந்தப் பேரன் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பட்டத்துக்கு வந்தாரு. வயசு பதினொண்ணுகூட நிறையலை. ஆனாலும் வாரிசு யாருங்கிற கேள்வியே எழலை. சேஷையா சாஸ்திரி ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கிட்டாரு, நாடு நடந்தது.

ரெண்டாவது கதை. அதே மார்த்தாண்ட பைரவர் 1915ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலே மெல்போர்ன் நகரத்திலே மாலி பிங்க் என்கிற பெண்ணை விரும்பி மணந்தாரு. 1916ஆம் ஆண்டு சிட்னியிலே மகன் பிறந்தான். தகப்பனுக்கு மகன் மேலே ஆசை இல்லாம இருக்குமா? ஆனா வெள்ளைக்கார அரசாங்கம் அந்தத் திருமணத்தையும் ஏத்துக்கலை, மகனைப் பட்டத்து வாரிசாவும் ஏத்துக்கலை. 1928ஆம் ஆண்டு மன்னர் பாரிஸ் நகரத்திலே காலமானாரு. பட்டம் மகனுக்குப் போகலை. அரச குடும்பத்துப் பிள்ளை, ஆறு வயசு ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போச்சு. அவர்தான் 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோட இணையும் வரைக்கும் கடைசி மன்னர்.

அரசுரிமை வேற, நம்ம ஓட்டு வீடு வேற, எனக்குத் தெரியும். அந்த மன்னர் மேலே நான் குறை சொல்லலை. ஆனா பாடம் ஒண்ணு இருக்கு நடுவர் அவர்களே. ஆசை மட்டும் போதாது. அந்த ஆசை அன்றைய சட்டம் ஒத்துக்கிற வடிவத்திலே இருக்கணும். 1877லே இருந்தது, நடந்தது. 1928லே இல்லை, நடக்கலை.

உடனே எதிரணித் தம்பி எழுந்திருப்பாரு. “ஐயா, ராமச்சந்திர தொண்டைமான் வாழும்போதேதானே செஞ்சாரு, அப்போ நீங்க எங்க கட்சி”ம்பாரு. தம்பி, நல்லாக் கவனிங்க. பேரன் பேரைச் சொன்னது 1877லே. சிம்மாசனத்தை விட்டது 1886லே, அதுவும் கண்ணை மூடினதுக்கு அப்புறம். ஒன்பது வருஷம் வாரிசும் இருந்தான், நாற்காலியும் அவர்கிட்டேயே இருந்தது. இதுதான் தம்பி எங்க கட்சி! எழுதி வச்சாரு, எழுதிக் கொடுக்கலை! (நீண்ட கைதட்டல்)

இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவிலேதான் இன்னைக்குப் பட்டிமன்றமே. எழுதிக் கொடுக்கிறதுன்னா தானசெட்டில்மென்ட். சார்பதிவாளர் அலுவலகத்திலே பதிவு பண்ணி, பிள்ளை ஏத்துக்கிட்டா, அந்த நிமிஷமே உரிமை மாறுது. மனசு மாறிடுச்சு, திரும்பக் கொடுடான்னு நாம மட்டும் போய் ரத்து பண்ண முடியாது. நீதிமன்றப் படி ஏறணும். எழுதி வைக்கிறதுன்னா உயில். நாம உயிரோட இருக்கிற வரைக்கும் அது ஒரு காகிதம். சொத்து நம்முது. விற்கலாம், அடகு வைக்கலாம், இன்னைக்கு எழுதினதை நாளைக்கு மாத்தலாம். கடைசியா எழுதினது எதுவோ அதுதான் செல்லும். மகன் சரியாப் பேசலைன்னா மாத்தி எழுதலாம். மருமகள் நல்ல ரசம் வச்சா மறுபடியும் மாத்தலாம்! (சிரிப்பு)

இலுப்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவர். மூணு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு வீடு. நெஞ்சுவலி வந்ததும் பயந்துபோய், ரெண்டு மகன்களுக்கும் சரிபாதியா செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துட்டாரு. நிபந்தனை ஒண்ணும் போடலை. பெத்த பிள்ளைகிட்டே என்ன நிபந்தனைன்னாரு. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த அம்மா இருக்காங்களே, நாற்பது வருஷம் அந்தக் கிணத்துத் தண்ணியிலே நின்னு நாத்து நட்டவங்க. இப்போ மாசம் பதினைஞ்சு நாள் பெரியவன் வீடு, பதினைஞ்சு நாள் சின்னவன் வீடு. முப்பத்தொண்ணாம் தேதி வர்ற மாசத்திலே மட்டும் பிரச்சினை. அந்த ஒரு நாள் யார் கணக்கு? (சபையில் அமைதி) சிரிக்கத்தான் சொல்ல வந்தேன். சிரிப்பு வரலை பாருங்க. உங்களுக்கும் வரலை. ஏன்னா நம்ம தெருவிலேயே அப்படி ஒரு அம்மா இருக்காங்க.

அந்த மகன்கள் கெட்டவங்க இல்லை ஐயா. ஆளுக்கு ரெண்டு பிள்ளை, கடன், பள்ளிக்கூடக் கட்டணம். கெட்டது ஏற்பாடு. “இந்த வீட்டிலே என் மனைவி ஆயுள் உள்ளவரைக்கும் அனுபவிச்சுக்கிட்டு, அதுக்குப் பிறகு மக்கள் எடுத்துக்கணும்”னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா, இன்னைக்கு மகன்கள் அம்மா வீட்டிலே இருந்திருப்பாங்க. இப்போ அம்மா மகன்கள் வீட்டிலே இருக்காங்க. உயில்ங்கிறது ஒரு மனுஷன் தன் மனைவிக்கு எழுதுற கடைசிக் காதல் கடிதம்! முதல் கடிதத்திலே உயிரைக் கொடுப்பேன்னு எழுதுவான். இதிலே வீட்டைக் கொடுத்தாப் போதும்! (பலத்த கைதட்டல்)

எதிரணிச் சகோதரி வழக்கறிஞர் மாதிரி ஒரு புள்ளி வச்சாங்க. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்துடுச்சு, கவனிக்கலைன்னா எழுதிக் கொடுத்ததை ரத்து பண்ணலாம்னாங்க. உண்மை. அறுபது வயசு ஆனவங்க, அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் பார்த்துக்கணும்கிற நிபந்தனையோட எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்த்துக்கலைன்னா, கோட்டாட்சியர்கிட்டே மனுக் கொடுக்கலாம். நல்ல சட்டம். ஆனா சகோதரி, நிபந்தனை பத்திரத்திலே இருக்கான்னு முதல்லே கேள்வி வரும். அப்புறம் விசாரணை, மேல்முறையீடு. எழுபத்தஞ்சு வயசிலே பெத்த பிள்ளைக்கு எதிரே நின்னு, இவன் எனக்குச் சோறு போடலைன்னு வாய்விட்டுச் சொல்லணும். எந்தத் தாய் சொல்லுவா? பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலே, என் பிள்ளை தங்கமாப் பார்த்துக்கிறான்னு சொல்ற சாதி அது! (கைதட்டல்) கட்டாயம் எழுதிக் கொடுத்தே ஆகணும்னு ஒரு சூழ்நிலை வந்தா, ஆயுள் உள்ளவரை அனுபவிக்கிற உரிமையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, பராமரிப்பு நிபந்தனையையும் எழுதிக் கொடுங்க. அது சகோதரிக்கு நான் தர்ற சீர். (சிரிப்பு)

சரி, எழுதியும் கொடுக்கலை, எழுதியும் வைக்கலை, பேசாம போயிட்டா? அப்போ சட்டம் உங்களுக்காக ஒரு உயில் எழுதும். அது 1956ஆம் ஆண்டே எழுதி வச்சாச்சு. இந்து வாரிசுரிமைச் சட்டம். ஒரு ஆண் உயில் இல்லாம காலமானா, அவர் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அவரோட தாய், எல்லாருக்கும் சமபங்கு. ரெண்டு மகன், ஒரு மகள், மனைவி, தாய் இருந்தா அஞ்சு பங்கு. தாய்க்குப் பங்கு உண்டு. அந்த முதல் வரிசையிலே தகப்பனுக்குக் கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்? முகமெல்லாம் மாறுது! (சிரிப்பு) பங்கு வாங்கின அந்தத் தாய் பின்னாலே உயில் இல்லாம காலமானா, அவங்க பங்கு அவங்களோட மத்த பிள்ளைகளுக்கும் போகும். அதாவது, நீங்க ராத்திரி பகலா உழைச்சுக் கட்டின வீட்டிலே உங்க தம்பிக்கும் ஒரு ஜன்னல்!

பெண்களுக்கு வர்றேன். ஒரு ஆசிரியை. பிள்ளை இல்லை, கணவர் காலமாயிட்டாரு. தன் சம்பளத்திலே ஒரு வீடு கட்டினாங்க. பெத்த அம்மாவைக் கூட வச்சுக் காப்பாத்தினாங்க. திடீர்னு போயிட்டாங்க. வீடு யாருக்கு? பெத்த அம்மாவுக்குன்னுதானே நினைப்பீங்க? இல்லை. சட்டப்படி கணவரோட வாரிசுகளுக்குத்தான் முதல் உரிமை. பத்து வருஷமா எட்டிப் பார்க்காத கொழுந்தனார் சாவி கேட்டு வரலாம். எண்பது வயசு அம்மா வெளியே நிற்கலாம். அதே ஆசிரியை ஒரு தாள்லே நாலு வரி எழுதி ரெண்டு சாட்சி வாங்கியிருந்தா அந்த அம்மாவை யாரும் அசைக்க முடியாது. அதனாலேதான் 2025 நவம்பர்லே உச்ச நீதிமன்றமே, பெண்கள் எல்லாரும் உயில் எழுதி வைங்கன்னு கேட்டுக்கிட்டது. சம்பாதிக்கிற என் சகோதரிகளே, நகை வாங்கின ரசீதைப் பத்திரமா வைக்கிறீங்களே, அது கூட இந்தத் தாளையும் வைங்க!

மகளுக்கு என்ன பங்குங்கிறதிலே இந்தத் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே, பெண்ணுக்கும் ஆணைப்போலச் சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சு, 1989 மார்ச் 25 முதல், பரம்பரைக் கூட்டுச் சொத்திலே மகளுக்கும் மகனைப்போலப் பங்குன்னு தமிழ்நாட்டிலே சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அப்போ அந்தத் தேதிக்கு முன்னாலேயே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னு இருந்தது. 2005லே நாடு முழுமைக்கும் சட்டம் வந்து அந்த வேறுபாடும் போச்சு. 2020 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம், பிறப்பாலேயே மகளுக்கு அந்த உரிமைன்னு தெளிவாச் சொல்லிடுச்சு.

சட்டம் சொல்லிடுச்சு. வீட்டிலே என்ன நடக்குது? அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, பாயைச் சுருட்டுறதுக்கு முன்னாலே அண்ணன் ஒரு பத்திரத்தை நீட்டுறான். விடுதலைப் பத்திரம். “உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, ஒரு கையெழுத்துப் போடும்மா”. போட்டா மனசு விட்டுப்போகும். போடலைன்னா பிறந்த வீடு விட்டுப்போகும். அந்தப் பொண்ணை அந்த இடத்திலே நிறுத்தினது அண்ணன் இல்லை நடுவர் அவர்களே. பேச வேண்டிய நேரத்திலே பேசாமப் போன அப்பா! “மகளுக்கு இந்தத் தோட்டம், மகனுக்கு இந்த வீடு, காரணம் இது”ன்னு அவர் வாயாலேயே எழுதியிருந்தா, தங்கச்சி கேட்டு வாங்க வேண்டியதில்லை, அண்ணன் கொடுத்தோம்னு காட்டிக்க வேண்டியதில்லை. ரெண்டு பேருக்கும் அது அப்பா கொடுத்தது. (நீண்ட கைதட்டல்)

“உயில் எழுதினாலும் வழக்குத்தானே வருது”ன்னு அண்ணன் கேட்டாரு. வருது. சரியா எழுதாததாலே வருது. நான் தமிழ் படிச்சவன், கல்வெட்டு படிச்சவன். இந்த மாவட்டத்திலே குடுமியான்மலைக்குப் போய்ப் பாருங்க. எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலே ஒருத்தர் கோயிலுக்கு நிலம் விட்டா எப்படிக் கல்லிலே வெட்டினாங்க? யார் கொடுக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது, கிழக்கே எது எல்லை, மேற்கே எது எல்லை, வருமானத்திலே எந்தச் செலவு நடக்கணும், சூரியன் சந்திரன் உள்ளவரைக்கும் செல்லும்னு. கடைசியிலே, இது இன்னார் எழுத்துன்னு வரிசையாக் கையெழுத்து. இன்றைய உயிலுக்கு வேணும்கிற அங்கமெல்லாம் அதிலே இருக்கு!

பக்கத்திலே திருமயம். ஒரே மலை. அதிலே சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. ரெண்டு கோயிலுக்கும் நிலத்திலேயும் வருமானத்திலேயும் தகராறு. 1245ஆம் ஆண்டு ஹொய்சளத் தளபதி அப்பண்ணா தலைமையிலே சபை கூடிப் பங்கு பிரிச்சு, நடுவிலே சுவரும் எழுப்பி, கல்வெட்டிலே எழுதி வச்சாங்க. சாமிக்கே பாகப்பிரிவினைப் பத்திரம் தேவைப்பட்ட ஊர் ஐயா இது! ஆசாமி எந்த மூலை? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எப்படி எழுதணும்? நடுவர் மணியிலே கை வைக்கிறாரு. விறுவிறுன்னு சொல்லிடுறேன். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதினெட்டு வயசு நிறைஞ்சு, தெளிந்த மனநிலையிலே இருக்கிற யாரும் எழுதலாம். உங்க பேரு, ஊரு, தேதி. தேதி ரொம்ப முக்கியம், கடைசி உயில்தானே செல்லும்! முன்னாலே எழுதினதையெல்லாம் ரத்து செய்றேன்னு ஒரு வரி. அப்புறம் சொத்து விவரம்: கதவு எண், சர்வே எண், நாலு எல்லை, வங்கிக் கணக்கு, அஞ்சலகச் சேமிப்பு, எல்.ஐ.சி., நகை. கடனையும் எழுதுங்க. கொடுக்க வேண்டியது, வர வேண்டியது ரெண்டும். எழுத மறந்தது எதுவா இருந்தாலும் இன்னாருக்குன்னு கடைசியிலே ஒரு வரி. நம்ம பேரிலே உள்ளதையும், கூட்டுச் சொத்திலே நம்ம பங்கையும் மட்டும்தான் எழுதலாம். தம்பி பங்கையும் சேர்த்துத் தானம் பண்ணக் கூடாது! (சிரிப்பு)

ரெண்டு சாட்சி. அவங்க பார்க்க நீங்க கையெழுத்துப் போடணும், நீங்க பார்க்க அவங்க போடணும். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு அவங்க படிக்க வேண்டியதில்லை. உயிலாலே லாபம் அடையறவங்களைச் சாட்சியாப் போடாதீங்க. உங்களைவிட வயசு குறைஞ்சவங்களாப் பாருங்க. பின்னாலே வழக்கு வந்தா சாட்சி வந்து சொல்லணும். எண்பது வயசுக்காரர் தன் பள்ளித் தோழர்கள் ரெண்டு பேரைச் சாட்சியாப் போட்டா, மூணு பேரும் மேலேபோய்த்தான் அந்த உயிலை நிரூபிக்கணும்! (பலத்த சிரிப்பு) வயசானவங்க, நல்ல நினைவோட இருக்காருன்னு டாக்டர்கிட்டே ஒரு சான்று வாங்கி வைங்க. யாருக்காவது குறைச்சலாக் கொடுத்தா காரணத்தை எழுதுங்க. நிறைவேற்றி வைக்க நம்பிக்கையான ஒருத்தரை நியமிங்க. பதிவு கட்டாயம் இல்லை, பண்ணினா நல்லது. உறையிலே போட்டு முத்திரை வச்சு மாவட்டப் பதிவாளர்கிட்டே ஒப்படைக்கவும் சட்டத்திலே வழி இருக்கு.

இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லைங்கிறதையும் சொல்லிடணும். கோட்டைப்பட்டினத்திலே இருந்து பார்த்துக்கிட்டிருக்கிற என் இஸ்லாமியச் சகோதரர்களுக்கு அவங்க தனிச் சட்டம். கடன் போக மிச்சத்திலே மூணிலே ஒரு பங்குக்கு மேலே உயில் எழுத, வாரிசுகள் சம்மதம் வேணும். வாரிசுக்கே உயில் எழுதினாலும் மத்த வாரிசுகள் சம்மதிக்கணும். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். எழுதறதுக்கு முன்னாலே ஒரு வழக்கறிஞரைப் பாருங்க. என் பேச்சைக் கேட்டேன்னு சொல்லி நீதிமன்றத்திலே என்னைச் சாட்சிக்கு இழுத்துடாதீங்க! (சிரிப்பு)

இன்னும் ஒண்ணு. வங்கியிலே நாமினி போட்டாச்சே, போதாதான்னு கேட்பீங்க. போடுங்க, கட்டாயம் போடுங்க. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் போடலாம். ஆனா வங்கி நாமினி பணத்தை வாங்கி வச்சிருக்கிற ஆள்தான், உரிமை வாரிசுகளுக்கு. அதையும் போடாம, வீட்டிலேயும் சொல்லாமப் போனவங்க பணம் எங்கே இருக்கு தெரியுமா? பத்து வருஷம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போகுது. 2023 பிப்ரவரி வரைக்கும் பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி அனுப்பினது 35,012 கோடி ரூபாய்! சாயங்காலம் டீ குடிக்காம சேர்த்த காசு, மகளுக்குன்னு மறைச்சு வச்ச காசு. யாருக்கும் சொல்லாத பாசம் அத்தனையும் அங்கே போய்க் கிடக்கு. தேடி எடுக்க 2023லே உத்கம்னு ஒரு இணையதளமே தொடங்கியிருக்காங்க. வாரிசு கேட்டுப் போனா திரும்பக் கிடைக்கும். ஆனா இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேட்பாங்க? அதனாலே எழுதி வைங்க; எழுதி வச்ச இடத்தை ஒருத்தர்கிட்டேயாவது சொல்லி வைங்க.

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடுறேன் ஐயா. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு நம்ம ஊர்லே சொல்லுவாங்க. பாசம் இல்லாததாலே சொல்லலை. பாசம் நிலைக்கணும்னு சொன்னது. எதிரணி கேட்கிற மாதிரி பிள்ளைக்குப் படிப்பைக் கொடுங்க, தொழிலுக்கு முதல் கொடுங்க, பேரனுக்குப் பொங்கல் காசு கொடுங்க. ஆனா தலைக்கு மேலே இருக்கிற கூரையை உங்க பேரிலேயும், உங்களுக்குப் பின்னாலே உங்க துணை பேரிலேயும் வச்சுக்கிட்டு, அதுக்கு அப்புறம் யாருக்குன்னு தெளிவா எழுதி வைங்க. அப்படி எழுதி வச்ச வீட்டிலே, காரியம் முடிஞ்ச அன்னைக்குப் பிள்ளைகள் பங்கைப் பத்திப் பேச மாட்டாங்க. அப்பாவைப் பத்திப் பேசுவாங்க.

ஆகவே நடுவர் அவர்களே, சொத்து பிள்ளைகளைச் சேர வேண்டியது பெற்றோர் வாழ்ந்து முடித்த பின்பே, அதற்கான எழுத்து எழுதப்பட வேண்டியது அவர்கள் நல்ல நினைவோடு வாழும்போதே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)